கைபட்டு

1

குழந்தை கையிலிருந்து கண்ணாடி டம்ளர் விழுந்து நொறுங்கினால் வீட்டில் உடனே இரண்டு வாக்கியங்கள் எதிரெதிரே நிற்கின்றன. குழந்தை சொல்வது: 'உடைஞ்சிருச்சு.' பெரியவர் கேட்பது: 'உடைச்சிட்டியா?' சம்பவம் ஒன்றுதான். முதல் வாக்கியத்தில் டம்ளர் எழுவாய். இரண்டாவதில் குழந்தை எழுவாய். ஒலியளவில் ஒரு மெல்லின எழுத்து வல்லினமாக மாறியிருக்கிறது, அவ்வளவே. உடைந்தது - உடைத்தது, கிழிந்தது - கிழித்தது, கவிழ்ந்தது - கவிழ்த்தது. பள்ளிக்கூட இலக்கணம் இதைத் தன்வினை, பிறவினை என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாக முடித்துவிடுகிறது. நான்கு வயதுக் குழந்தைக்கோ இது தேர்வுக்கான விஷயமில்லை. இலக்கணம் என்ற சொல்லையே கேட்டிராத அது, ஆபத்தான நேரத்தில் சரியான எழுத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

பெரியவர்களின் மொழி இதைவிட நுட்பமானது. 'உடைத்துவிட்டான்' என்றால் காரியம் முடிந்தது என்ற தகவல். 'உடைத்துப் போட்டான்' என்றால் அதில் ஓர் அலட்சியம் சேர்கிறது. 'உடைத்துத் தொலைத்தான்' என்கிறபோது உடைத்தவனைப் பற்றிய செய்தியைவிடச் சொல்பவரின் எரிச்சல்தான் முன்னால் வந்து நிற்கிறது. ஒரு துணைவினையை மாற்றினால் போதும், விபத்து குற்றமாகிவிடும். சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம்.

குற்றத்துக்கு நாம் வைத்திருக்கும் சொற்களும் யோசிக்க வைப்பவை. தவறு என்கிறோம், கை தவறியது, கால் தவறியது என்பதும் அதே வினைதான். தப்பு என்கிறோம், பிடி தப்பியது என்பதும் அதுதான். பிழை என்கிறோம், குறி பிழைத்தது என்பது பழைய வழக்கு. அதே வினைக்கு உயிர்வாழ்தல் என்ற பொருளும் இருப்பது வேறு விஷயம். மூன்றிலும் அடியில் கிடப்பது ஒரு வழுக்கல், ஒரு குறி விலகல். கிரேக்கர்களின் ஹமார்ஷியா என்ற சொல்லும் இப்படிக் குறி தவறுவதிலிருந்து வந்ததுதான். ஆனால் அரிஸ்டாட்டில் தம் நிகோமகியன் அறவியலின் ஐந்தாம் புத்தகத்தில் மூன்றைத் தனித்தனியே பிரித்து வைத்தார்: எதிர்பார்க்க முடியாமல் நேர்ந்த தீங்கு ஒன்று; எதிர்பார்த்திருக்கலாம், ஆனால் கெட்ட எண்ணம் இல்லாமல் நேர்ந்தது ஒன்று; அறிந்து செய்த அநீதி ஒன்று. இந்தப் பாகுபாடு தர்க்க நூலுக்கு எவ்வளவு அவசியமோ அவ்வளவு அடுப்பங்கரைக்கும் அவசியம். தவறு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்றையும் போட்டுக் கலக்கிக் குழந்தையின் தலையில் கொட்டுவதுதான் வீடுகளில் நடக்கிறது.

2

ஸ்விட்ஸர்லாந்தின் ழான் பியாஜே 1932ல் வெளியிட்ட, குழந்தைகளின் அறத்தீர்ப்புகள் பற்றிய நூலில் இரண்டு சிறு கதைகள் வருகின்றன. ஒரு பையனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். அவன் கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் நாற்காலி, நாற்காலியின் மேல் தட்டு, தட்டில் 15 கோப்பைகள். அவனுக்கு இது தெரியாது. கதவு இடித்து அத்தனையும் உடைகின்றன. இன்னொரு பையன், அம்மா வெளியே போயிருந்த சமயம் அலமாரியிலிருந்து ஜாம் எடுக்க நாற்காலி மேல் ஏறி எட்டுகிறான். கை பட்டு ஒரு கோப்பை விழுந்து உடைகிறது. இருவரில் யார் அதிகம் கெட்டவன்? சிறு குழந்தைகள் பலர் 15 கோப்பைக்காரனைக் காட்டினார்கள். வயது ஏற ஏற, ஜாம் திருடப்போனவனைக் காட்டினார்கள். விளைவை எடைபோடும் புத்தி போய் நோக்கத்தை எடைபோடும் புத்தி வருகிறது, இதுவே அற வளர்ச்சி என்பது இதிலிருந்து பிறந்த, பிறகு பாடப்புத்தகங்களில் இறுகிப்போன முடிவு.

பின்வந்த ஆய்வாளர்கள் இதில் ஓர் ஓட்டையைக் கண்டார்கள். கெட்ட எண்ணத்தோடு சிறு சேதம், கெட்ட எண்ணம் இல்லாமல் பெருஞ்சேதம் என்று இரண்டையும் சேர்த்தே பின்னிக் கொடுத்தால் குழந்தை எதைப் பார்த்துப் பதில் சொல்கிறது என்று எப்படித் தெரியும்? நோக்கத்தையும் சேதத்தையும் பிரித்துக் காட்டிக் கேட்டபோது மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள்கூட நோக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் 15 பெரியது, 1 சிறியது என்ற எடைக்கல் குழந்தையின் கைக்கு எங்கிருந்து வந்தது?

பியாஜேயே பெற்றோரின் பக்கம் விரலைக் காட்டியிருக்கிறார். சேதத்தின் அளவுக்குக் கோபம் கொள்கிற பெரியவர்களை அவர் மறந்துவிடவில்லை. நம் வீடுகளைப் பார்த்தால் போதும். எவர்சில்வர் டம்ளர் விழுந்தால் சத்தத்துக்கு மட்டும் ஒரு அதட்டல். கண்ணாடி டம்ளருக்கு ஒரு குட்டு. சீராக வந்த பீங்கான் கிண்ணத்துக்கு முதுகில் ஒன்று, கூடவே இரண்டு நாள் பேச்சு. கைப்பேசித் திரையில் கீறல் விழுந்தால் சொல்ல வேண்டியதில்லை. நழுவிய கை ஒரே கை, நழுவிய விதமும் ஒன்றே. மாறியது விலை. கொள்கையளவில் நோக்கத்தைப் பேசும் நாம், அடி கொடுக்கும்போது ரசீதைப் பார்த்துக் கொடுக்கிறோம். இந்த விலைப்பட்டியலைத்தான் குழந்தை மனப்பாடம் செய்து ஆராய்ச்சியாளருக்கு ஒப்பித்திருக்கிறது.

இன்னொரு விஷயம், கொஞ்சம் அசௌகரியமானது. அதே வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளோடு ஒட்டிக்கொண்டு வருகிற பிள்ளையின் கையில் அதே டம்ளர் உடைந்தால்? அங்கே 'பாவம், தெரியாமல் பட்டுவிட்டது' என்ற வாக்கியம் அவ்வளவு சுலபமாக வாயில் வருவதில்லை. அந்தப் பிள்ளை எதற்காக அதைத் தொட்டது என்ற கேள்வி முன்னால் வருகிறது. அடி விழுந்தால் அதை அந்த அம்மாளே கொடுப்பாள். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, வீட்டுக்காரர்கள் பார்க்கும்படியாக, தேவைக்கு அதிகமாக. நோக்கம் பற்றிய விசாரணை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கும் சலுகை என்றால் அதை அற வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது? டம்ளருக்குச் சொந்தக்காரர்களின் குழந்தைக்கு நோக்கம் உண்டு. மற்ற குழந்தைக்கு விளைவு மட்டும்தான் உண்டு.

3

விளைவைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னவர்களில் நமக்கு மிகவும் வேண்டியவன் ஒருவன் இருக்கிறான். திருவாரூரில் தேரோட்டிப் போன இளவரசன் கன்றைப் பார்க்கவில்லை. கன்றுதான் சக்கரத்தடியில் புகுந்தது. அரிஸ்டாட்டிலின் வகைப்படி இது முதலாவது, அதிகம் போனால் இரண்டாவது. பிராயச்சித்தம் செய்தால் போதும் என்றார்கள் அமைச்சர்கள். மனுநீதிச் சோழன் கேட்கவில்லை. பியாஜேயின் அளவுகோலை வைத்தால் அவன் 15 கோப்பைக்காரனைக் கைகாட்டிய சிறு குழந்தைகளோடு உட்கார வேண்டியவன். ஆனால் இந்தக் கதையைச் சிலப்பதிகாரத்தில் கண்ணகி பெருமையாகச் சொல்கிறாள். 12ம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துப் பாடுகிறார். இலங்கையின் மகாவம்சம் எல்லாளன் பேரில் இதையே சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது.

இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்குவது சுலபம். பெரிய புராணத்து அரசன் மகனைக் குற்றவாளி என்று நிரூபிக்க முயலவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கன்றை இழந்த பசு படுவதைத் தானும் பட வேண்டும் என்பது அவன் பேச்சு. அவன் பார்வை மகனின் மனசுக்குள் போகவில்லை, மணியடித்த பசுவின் மேல் இருந்தது. நோக்கம் சுத்தமாக இருந்தாலும் இழந்தவரின் இழப்பு இழப்பாகவே இருக்கிறது என்ற உண்மை அந்தக் கதையில் இருக்கிறது. அதற்கு அவன் கண்ட வழி கொடூரமானது. புராணத்துக்கே அது தாங்கவில்லை. சிவபெருமான் வந்து கன்றையும் மகனையும் எழுப்பிக் கொடுத்த பிறகுதான் கதை முடிகிறது. நம் வீடுகளில் அப்படி எழுப்பிக் கொடுக்க யாரும் வருவதில்லை.

சட்டம் இதற்கு நேர் எதிர்க்கோடியில் நிற்கிறது. 1860ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 82ம் பிரிவு, ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தை செய்யும் எதுவும் குற்றமில்லை என்றது. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தன் செயலைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்ததா என்று பார்க்கச் சொன்னது 83ம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவையே 20, 21ம் பிரிவுகளாகத் தொடர்கின்றன. நல்ல சட்டம். ஆனால் சட்டம் குற்றமில்லை என்று சொல்லிக் கோப்பை மூடிவிடலாம். குழந்தை இன்னும் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு அடுத்து என்ன செய்வது என்று எந்தப் பிரிவும் சொல்லாது.

4

ஓடும் குழந்தை தடுக்கி விழுந்தால் நம் பாட்டிமார்கள் தரையை அடிப்பார்கள். 'என் தங்கத்தைத் தள்ளிவிட்டியா, இந்தா' என்று தரைக்கு இரண்டு அடி. குழந்தை அழுகையை நிறுத்தி, தானும் ஒரு அடி கொடுக்கும். இதை எல்லோரும் ரசித்திருக்கிறோம். ஆனால் இந்த விளையாட்டும் 'உடைச்சிட்டியா' என்ற அதட்டலும் ஒரே நம்பிக்கையிலிருந்து வருபவை: எது நடந்தாலும் அதைச் செய்தவன் ஒருவன் இருந்தே தீர வேண்டும். பிள்ளைக்கு அடிபட்டால் குற்றவாளி தரை. பொருளுக்கு அடிபட்டால் குற்றவாளி பிள்ளை. யாரும் செய்யாமலேயே சில விஷயங்கள் நடந்துவிடுகின்றன என்ற செய்தி குழந்தையின் காதுக்கு வருவதே இல்லை.

கொஞ்ச நாளில் குழந்தை சொல்கிறது: 'பூனை தட்டி விட்டிருச்சு.' வீட்டில் ஒரே கலவரம். இந்த வயதில் பொய்யா, யாரிடம் கற்றது? நம்மிடம்தான். குற்றவாளி ஒருவன் வேண்டும் என்று கற்றுக் கொடுத்தோம். அது ஒருவனைப் பிடித்துக் கொடுக்கிறது. தரைக்குக் கிடைத்த அடி பூனைக்கும் கிடைக்கட்டும் என்பது அதன் தர்க்கம், நம் தர்க்கமும் அதுவே. 'உடைஞ்சிருச்சு' என்று சொன்ன குழந்தை பொய் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை நாம் ஏற்க மறுத்த பிறகே பூனை உள்ளே வருகிறது.

யாரும் செய்யாமல் நடந்த ஒன்றைக் கறம்பக்குடிப் பக்கத்து மனிதர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறி மேற்கே வந்தது. கறம்பக்குடியிலும் ஆலங்குடியிலும், கிழக்கே பட்டுக்கோட்டைப் பக்கத்திலும், பல வருஷம் வளர்த்த தென்னைகள் ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்தன. நிவாரணம் பற்றிய கோபம் பிறகு வந்தது, அது நியாயமும்கூட. ஆனால் அன்று விடிந்ததும் தோப்பில் நின்றவர்களின் பேச்சில் பிறவினை இல்லை. சாய்ந்தது, முறிந்தது, போயிற்று. வாழ்வாதாரமே போன இழப்பை அப்படிச் சொல்ல முடிந்த ஒரு சமூகத்துக்கு, ஒரு டம்ளர் பாலை அப்படிச் சொல்வது ஏன் கஷ்டமாக இருக்கிறது? காற்றை அடிக்க முடியாது, குழந்தையை அடிக்க முடியும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பியாஜேயின் கதையில் யாரும் கேட்காத ஒரு கேள்வியை இங்கே கேட்கலாம். 15 கோப்பைகள் இருந்த தட்டைக் கதவுக்குப் பின்னால் நாற்காலி மேல் வைத்தது யார்? கதை சொன்னவரும் கேட்கவில்லை, குழந்தைகளிடமும் கேட்கப்படவில்லை. அந்த வீட்டில் ஒரு பெரியவர் இருந்திருக்க வேண்டும். அவர் கதைக்கு வெளியே சௌகரியமாக நின்றுகொண்டார். சூடான ரசத்தை மேடையின் விளிம்பில் வைத்தவரும் அப்படித்தான் நிற்கிறார். பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976ல் அதிர்ஷ்டத்துக்கும் அறத்துக்கும் உள்ள சம்பந்தத்தை விவாதித்தார்கள். குளியல் தொட்டியில் குழந்தையை விட்டு, தண்ணீரையும் திறந்து விட்டு மறந்துபோனவர் மாடிப்படி ஏறி ஓடும் கணம் நேகல் தரும் உதாரணங்களில் ஒன்று. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் அவர் வெறும் கவனக்குறைவான ஆள்; ஆகியிருந்தால் பயங்கரமான ஒன்றைச் செய்தவர். எது என்று மேலே போய்ப் பார்த்த பிறகே தெரியும். ரசம் குழந்தையின் மேல் படாமல் தரையில் கொட்டியபோது நாம் ஓங்கும் கையில் பாதிக்கு மேல் இந்தப் பயம்தான் இருக்கிறது. நம் பயத்துக்கான அடியைக் குழந்தை வாங்கிக்கொள்கிறது.

5

இதையெல்லாம் படித்தவர்கள் இப்போது வேறொரு வழியைப் பிடித்திருக்கிறார்கள். டம்ளர் உடைந்ததும் 'ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமே ஆகல' என்று சிரித்துக்கொண்டே குழந்தையைத் தூக்கி அடுத்த அறையில் விட்டுவிட்டு அவசரமாகப் பெருக்கித் தள்ளிவிடுகிறார்கள். அடியைவிட இது ஆயிரம் மடங்கு மேல், சந்தேகமில்லை. ஆனாலும் இது உண்மையில்லை. ஏதோ ஆகியிருக்கிறது. சற்று முன் இருந்த டம்ளர் இப்போது இல்லை. குழந்தை அதைப் பார்த்தது, சத்தத்தைக் கேட்டது, அதன் கைக்கும் அந்தச் சத்தத்துக்கும் ஏதோ தொடர்பு இருப்பது அதற்குத் தெரியும். ஒன்றுமே ஆகவில்லை என்கிறபோது அதன் கண்ணையும் கையையும் நாம் மறுக்கிறோம்.

வில்லியம்ஸ் ஒரு லாரி டிரைவரைப் பற்றிப் பேசுகிறார். அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை, குழந்தை ஒன்று குறுக்கே வந்து அடிபட்டுவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் வருந்துவார்கள். அவன் வருத்தம் மட்டும் வேறு ஜாதி. உன் தப்பில்லை என்று அவனைத் தேற்றுவது சரி. ஆனால் அந்த ஆறுதலை உடனே வாங்கிக்கொண்டு அவன் பீடி பற்ற வைத்தால் நமக்கு அவன் மேல் சந்தேகம் வரும். குற்றமில்லாத இடத்திலும் 'என் வண்டி' என்ற ஒரு உறவு மிச்சமிருக்கிறது. அந்த உறவு இல்லாத மனிதனோடு சேர்ந்து வாழ்வது கஷ்டம்.

நான் வேலை பார்க்கும் வங்கித் தொழிலில் இதற்கு ஒரு ஸ்தூலமான வடிவம் உண்டு. சாயங்காலம் பணத்தை எண்ணிக் கட்டும்போது குறைந்தால் காசாளர் தன் கையிலிருந்து போட்டுச் சரிசெய்கிறார். அவர் திருடினார் என்று யாரும் நினைப்பதில்லை. நினைத்தால் அது வேறு விசாரணை, வேறு கோப்பு. குறைந்ததை ஈடுகட்டுவதும் குற்றவாளியாக நிற்பதும் ஒரே காரியமில்லை என்று அலுவலகம் தெரிந்து வைத்திருக்கிறது. காசாளருக்கு நஷ்டம் உண்டு, அவமானம் இல்லை. மறுநாள் காலை அதே மேசையில் உட்காருகிறார்.

குழந்தை எதைக் கொண்டு ஈடுகட்டும்? குழந்தை மருத்துவராக இருந்து மனோவியலுக்கு வந்த வின்னிகாட் 1963ல் எழுதிய ஒரு கட்டுரை, அக்கறை என்ற திறன் குழந்தையிடம் எப்படி உருவாகிறது என்பதைப் பற்றியது. தான் சேதப்படுத்திவிட்டோமோ என்ற கவலையை ஒரு குழந்தையால் தாங்கிக்கொள்ள முடிவது, சரிசெய்யவும் ஏதேனும் கொடுக்கவும் அதற்குச் சந்தர்ப்பம் இருக்கும்போதுதான். அந்தச் சந்தர்ப்பம் திரும்பத் திரும்ப இல்லாமல் போனால் அக்கறையே காணாமல் போகும் என்கிறார். அடிக்கிற வீடு இந்தச் சந்தர்ப்பத்தை அடியால் அடைத்துவிடுகிறது. 'ஒண்ணுமில்ல' என்கிற வீடு அவசரமாகப் பெருக்கி அடைத்துவிடுகிறது.

6

கறம்பக்குடியில் ஒரு வீட்டுத் திண்ணையில் பார்த்தது. ஐந்து வயது இருக்கும் பெண் குழந்தை, சொம்பில் பாலைத் தானே உள்ளே கொண்டுபோவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு நிலைப்படியில் இடித்துக்கொண்டது. பாதிக்கு மேல் தரையில். அது நிமிர்ந்து பார்த்துச் சொன்னது: 'அப்பத்தா, கைபட்டு ஊத்திருச்சு.' அப்பத்தா எழுந்து வந்து முதலில் காலைப் பார்த்தார், இடித்த இடத்தைத் தடவினார். பிறகு ஒரு கந்தல் துணியை இரண்டாகக் கிழித்து ஒன்றைக் குழந்தையிடம் கொடுத்தார். 'தொடச்சிருவோம். எறும்பு வந்துரும். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.' குழந்தை துடைத்ததில் பால் இன்னும் கொஞ்சம் பரவியது. அது எழுந்து விளையாடப் போன பிறகு, அந்தப் பக்கத்தையும் அவர் ஒருமுறை துடைத்துவிட்டார்.

'கைபட்டு' என்ற அந்தச் சொல்லை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. 'ஊத்திட்டேன்' என்று அது குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. 'ஊத்திருச்சு' என்று மட்டும் சொல்லிக் கழன்றுகொள்ளவும் இல்லை. கை வாக்கியத்தில் இருக்கிறது, ஆனால் எழுவாயாக இல்லை. லாரி டிரைவரைப் பற்றி வில்லியம்ஸ் பக்கம் பக்கமாக எழுதிச் சொன்னதை ஒரு வினையெச்சம் தாங்கி நிற்கிறது. பெரியவர்கள் தங்களுக்காக இதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம்: கைபட்டு அழிந்துவிட்டது, கைபட்டுச் சாய்ந்துவிட்டது. குழந்தை பயன்படுத்தினால் சாக்கு என்கிறோம். சில சமயம் அது சாக்காகவும் இருக்கும். அப்போதும் அதை வாங்கி வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை. வாங்க மறுத்தால் கிடைக்கப் போவது பூனை.

எறும்பு வந்துரும் என்பதும் யோசித்துச் சொல்லப்பட்ட நீதியில்லை, எறும்பு நிஜமாகவே வரும். துடைக்க வேண்டியதற்குக் காரணம் குழந்தையின் குணத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. பசுவைப் பார்த்த அரசனிடம் இருந்த சரியான அம்சம், இழப்பின் பக்கம் திரும்பிய அந்தப் பார்வை, இங்கே ரத்தமில்லாமல் இருக்கிறது. இதையே தண்டனையாகவும் மாற்றிவிடலாம் என்பது தெரியும். 'நீதானே கொட்டினே, நீயே தொட' என்று துணியை எறிந்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றால் அதே துணி பிரம்பாகிவிடும். வித்தியாசம் துணியை இரண்டாகக் கிழித்ததில் இருக்கிறது.

சாயங்காலம் மருமகள் பால் ஏன் குறைவு என்று கேட்டபோது அந்த அம்மாள் யார் கை என்று சொல்லவில்லை. 'கைபட்டு ஊத்திருச்சு' என்றார். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, யாரும் கேட்காமலே, 'என் கைதான்' என்றது. அதில் பயம் இருந்ததாகத் தெரியவில்லை; கொஞ்சம் பெருமைகூட இருந்தது, துடைத்ததற்காக இருக்கலாம். ஊற்றியது பாலாக இல்லாமல் விலை கூடிய வேறொன்றாக இருந்திருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும், வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் அதற்கும் அரைத்துணி கிடைத்திருக்குமா என்பதற்கு இந்த ஒரு நிகழ்ச்சியில் பதில் இல்லை. அந்தப் பதிலை ஒவ்வொரு வீடும் தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.